சத்தமில்லாமல் இறங்கும் லாரி

பொன்னாடையில் பொன் இருக்காது. கழுத்தை அறுக்கும் ஜரிகை இருக்கும், பிரித்த பிளாஸ்டிக் உறையின் வாடை இருக்கும், போர்த்துகிறவரின் வேர்வை இருக்கும். தர்மபுரியில் சாலைப் பாதுகாப்பு வார விழா. காலை வெயில் பந்தல் துணி வழியாகச் சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. மேடையில் என் தோளில் அதைப் போர்த்தியவர் என் அப்பாவின் பழைய முதலாளி.

"தம்பி யாருன்னு தெரியுதுங்களா?" என்று மைக்கில் கேட்டார்.

முன்வரிசையில் அதிகாரிகள். அவர்களுக்குப் பின்னால், அவருடைய கம்பெனி பெயர் போட்ட வெள்ளைத் தொப்பிகளோடு லாரி டிரைவர்கள். வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து உட்காரச் சொல்லப்பட்டவர்கள். கடைசி வரிசையில், வளையாத இடது காலை முன்னால் நீட்டிக்கொண்டு, கைத்தடியைத் தொடைமேல் கிடத்தி வைத்துக்கொண்டு என் அப்பா. பக்கத்தில் அம்மா.

"நம்ம மாதையன் பையன். எங்கிட்ட வண்டி ஓட்டின மாதையன். அப்பன் அன்னைக்குப் பண்ணின தப்புக்கு இன்னைக்குப் புள்ள பரிகாரம் பண்ண வந்திருக்கறான். நல்லாக் கை தட்டுங்க."

தட்டினார்கள். தொப்பி போட்டவர்கள்தான் முதலில் தட்டினார்கள்.

கத்துவதுதான் என் தொழில். பெங்களூரில் என் கத்தலைக் கேட்கச் சீட்டு வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் அந்த நிமிடம் கும்பிட்ட கையோடு நின்றேன். பார்த்தவர்கள் அதை மரியாதை என்று நினைத்திருப்பார்கள்.

இந்தத் தொடரில் பெரிய மேடைகளைப் பற்றி இன்னும் எழுதவில்லையே என்று சில வாசகர்கள் குறைப்பட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த பெரிய மேடை இதுதான். பந்தலுக்கு வெளியே டேங்கர் ஒன்றிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பெயர் எழுத மாட்டேன்

முதலாளியின் பெயரை எழுதினால் பத்திரிகைக்கு வக்கீல் நோட்டீஸ் வரும் என்று ஆசிரியர் சொல்கிறார். சரி. முதலாளி என்றே எழுதுகிறேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருப்பதே விபத்துக்குப் பிறகு, வழக்கு விஷயமாக யாரோ உரக்கப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் பேண்டின் பெயரையும் எழுதப் போவதில்லை. மற்றவர்களுக்கும் அப்பா அம்மா இருக்கிறார்கள்.

கணவாயில் வளர்ந்த காது

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சக்திவேல். ஹெவி மெட்டல் பாடுகிறவன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவன். தொப்பூர் கணவாயில், இறக்கத்தின் நடுவே சாலை கொஞ்சம் சமமாகிற இடத்தில், என் அம்மா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். தகரக் கூரை, நான்கு பெஞ்சு, பின்னால் எங்கள் வூடு.

தர்மபுரிப் பக்கமிருந்து சேலம் போகிற லாரிகள் எல்லாம் எங்கள் கடையைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். இறங்குகிற லாரிக்கு ஒரு வாடை உண்டு. பிரேக் லைனர் கருகுகிற வாடை. மற்ற பிள்ளைகளுக்கு அம்மா சேலை வாசம் ஞாபகம் இருக்குமாம். எனக்கு அம்மா சேலையே அந்த வாடைதான்.

டிரைவர்கள் வந்ததும் முதலில் சக்கரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், அப்புறம்தான் தங்கள் முகத்துக்கு. சக்கரத்திலிருந்து குப்பென்று ஆவி கிளம்பும். அந்த ஆவிக்குள் நின்று கை கழுவிவிட்டு, "என்னா கொழம்புங்க?" என்பார்கள்.

காதுக்கு வருகிறேன். லாரி மலை இறங்குவதில் இரண்டு விதம் உண்டு. இரண்டாவது கியரில் போட்டு இறக்கினால், வண்டி ஓடப் பார்க்கும், இஞ்சின் விடாது. அந்தப் பிடிவாதத்தில் இஞ்சின் அலறும். வளைவுக்கு மேலேயே கேட்க ஆரம்பித்து, கடையின் தகரம் அதிர, தட்டில் இருக்கும் ரசம் நடுங்க, கீழ் வளைவு தாண்டும்வரை கேட்கும். டீசலையும் குடிக்கும்.

இன்னொரு விதம், நியூட்ரலில் விடுவது. கியரை எடுத்துவிட்டால் வண்டி தன் கனத்திலேயே உருண்டு இறங்கும். டீசல் மிச்சம். சத்தமும் கிடையாது. பிடித்து நிறுத்த பிரேக் ஒன்றுதான். மிதிக்க மிதிக்க அது சூடேறும். சூடேறி ஒரு கட்டத்துக்குமேல் போனால் மிதி உள்ளே போகும், வண்டி நிற்காது.

நாலாவது படிக்கிறபோதே எனக்கு இது தெரியும். அலறிக்கொண்டு வருகிற லாரிக்கு நான் பயந்ததே இல்லை. சத்தம் இல்லாமல், டயர் மட்டும் தார் ரோட்டில் உரசுகிற ஸ்ஸ்ஸ் என்ற ஓசையோடு ஒன்று வரும் பாருங்கள், அப்போதுதான் அம்மா என் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுப்பாள்.

ஹாஸ்டலில் கேட்டது

கல்லூரிக்கு ஓசூர் பக்கம் போனேன். ஹாஸ்டலில் என் அறைக்காரன் ஒருநாள் ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டிவிட்டு, நான் பயந்து அலறுவதைப் படம் எடுக்க ஃபோனைத் தூக்கிப் பிடித்தான். கிட்டார் கிர்ர்ரென்று கனத்து ஏறியது. அடிவயிற்றிலிருந்து ஒருத்தன் உறுமினான்.

நான் பயப்படவில்லை. எங்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. இரண்டாவது கியர்.

"இது நம்மூரு சத்தம்டா" என்றேன். அவன் ஃபோனை இறக்கிவிட்டான்.

அந்தக் குரல் எப்படி வருகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. கத்தினால் வராது. கத்தினால் தொண்டை கிழிந்து ரத்தம்தான் வரும், எனக்கும் வந்தது. மூச்சை வயிற்றில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குரல்வளைக்கு மேலே இருக்கிற சதையை அதிரவிட வேண்டும். ரகசியம் என்னவென்றால், அது உண்மையில் பெரிய சத்தமே கிடையாது. மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடிக்கிறோமே, அதுதான் அந்தச் சின்ன உறுமலைப் பூதமாக்குகிறது.

பெங்களூரில் பேண்டில் சேர்ந்தேன். கிட்டார் வாசிக்கிற நிகில் என் நண்பன். நல்லவன். ஆனால் முதல் கச்சேரியில் மேடையில் அறிமுகப்படுத்தியவர், பின்தங்கிய மாவட்டத்தின் இருட்டிலிருந்து வந்த காட்டுக் குரல் என்று என்னைப் பற்றி ஆங்கிலத்தில் சொன்னார். கூட்டம் ஆர்ப்பரித்தது. எங்கள் ஊரில் கரண்ட் இருக்கிறது. என் குரலும் காட்டில் முளைக்கவில்லை. ஒரு டீசல் இஞ்சினிடம் கற்றுக்கொண்டது. அன்றைக்கு நான் பாடியதை நன்றாக இருந்தது என்றார்கள். பாட்டா அது, கோபம்.

அளந்து கொடுத்த டீசல்

இந்தக் கோபம் எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். நான் ப்ளஸ் டூ படித்த வருஷம். மாங்காய் சீசன்.

முதலாளி டீசலை அளந்து கொடுப்பார். இந்த ஊருக்கு இவ்வளவு என்று அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். அது மலையே இல்லாத நாட்டின் கணக்கு. அந்த அளவுக்குள் போய் வராத டிரைவரை அவர் திட்ட மாட்டார், சம்பளத்தில் கை வைக்க மாட்டார். அடுத்த லோடு கிடையாது, அவ்வளவுதான். லாரி ஷெட்டில் போய் நாள் கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் கிளம்பும்போது கண்ணாடியைத் துடைத்துக் கொடுக்க வேண்டும்.

அதனால் தொப்பூரில் எல்லாரும் நியூட்ரல் போட்டார்கள். யாரும் யாருக்கும் போடச் சொன்னதில்லை. முதலாளிகூட, "மலையில பாத்துப் போங்கப்பா" என்றுதான் சொல்வார். இதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. வாயால் பாத்துப் போ என்பார், டீசலால் பாக்காமல் போ என்பார்.

அன்று சனிக்கிழமை மத்தியானம். கடையில் நான் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கன்னட டிரைவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடுத்தர வயது, காதில் பஞ்சு வைத்திருந்தார். அம்மா வழக்கம்போல மறு சோறு வைக்கப் போக, அவர் இலைமேல் கையைக் கவிழ்த்து, "சாக்கு அம்மா, சாக்கு" என்று சிரித்தார். போதும் என்று அர்த்தம். அம்மா விரலுக்கு நடுவில் சோற்றைப் போட்டுவிட்டாள். அவர் சாப்பிட்டு முடித்து, தன் லாரியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் அப்பாவின் லாரி வந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து மாங்கூழ் டின்கள் ஏற்றி, சேலம் வழியாகப் போகிற லோடு. கடையைத் தாண்டும்போது வழக்கமாக அடிக்கிற சின்ன ஹாரன் அடித்தார். கையைத் தூக்கினார். அம்மா கரண்டியைத் தூக்கினாள். ஸ்ஸ்ஸ் என்று வண்டி போயிற்று.

"அப்பா நியூட்ரல்ல போறாரும்மா."

"எல்லாரும் அதுலதான் போறாங்க. இலையை எடு."

கீழ் வளைவுக்கு அந்தப் பக்கம் மிதி உள்ளே போய்விட்டது. ஓரத்தில் ஒரு லாரி நின்றிருந்தது. அதன் டிரைவர் இறங்கி, இரும்புக் கம்பியால் டயரைத் தட்டிக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். காதில் பஞ்சு வைத்திருந்தவர்.

நாங்கள் ஓடிப் போனபோது ரோடெல்லாம் மாம்பழ வாசனை. டின்கள் வெடித்து மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவை ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவிலிருந்து எடுக்க முடியவில்லை. இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த வாசனையில் எனக்குப் பசித்தது. என் உடம்பின்மேல் எனக்கு இருக்கும் கோபம் அன்றைக்கு ஆரம்பித்தது.

அலட்சியம்

ஆஸ்பத்திரிக்கு முதலாளி வந்தார். ஹார்லிக்ஸ், சாத்துக்குடி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் நல்ல காலைத் தடவிக் கொடுத்தபடி பேசினார். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடச் சொன்னார். ஆஸ்பத்திரி, வக்கீல் எல்லாம் தன் பொறுப்பு என்றார். எழுந்து போகும்போது, "டீசல் பேச்ச மட்டும் எடுக்காத மாதையா. அது ஆபீஸ் விசயம்" என்றார்.

அப்பா எடுக்கவில்லை. போலீஸில் எடுக்கவில்லை, கோர்ட்டில் எடுக்கவில்லை. நியூட்ரலில் விட்டது நான்தான் என்றார். அது உண்மைதானே, நான் வேறு என்ன சொல்ல என்றார். செய்தித்தாளில் வந்தது: ஓட்டுநரின் அலட்சியமே காரணம்.

அந்த வாக்கியம் எங்கள் கணவாயின் ஒவ்வொரு விபத்துக்கும் அச்சுக் கோத்துத் தயாராக இருக்கிறது. இடத்தையும் பெயரையும் மட்டும் மாற்றுவார்கள். அலட்சியம் என்றால் என்னவென்று அகராதியில் பார்த்தேன். பொருட்படுத்தாமை என்று போட்டிருந்தது. டீசலின் ஒவ்வொரு சொட்டையும் பொருட்படுத்தி, அடுத்த லோடைப் பொருட்படுத்தி, என் பள்ளிக்கூடக் கட்டணத்தைப் பொருட்படுத்தி இறங்கிய மனிதருக்கு அந்த வார்த்தை.

அப்பாவின்மேலும் எனக்குக் கோபம். வாயைத் திறந்திருக்கலாமே என்று நான் கேட்காத பண்டிகை நாள் இல்லை. கடை முன்னால் பெஞ்சில், காலை நீட்டி, மேல் வளைவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

பிறகு நான் ஒரு பாட்டு எழுதினேன். 'ரெண்டாவது கியர்.' அதில் இப்படி வரும்:

*அளந்து கொடுத்தவன் காதுக்குள்ளே*
*அலறிக்கொண்டே இறங்கு*

அந்தப் பாட்டில் நான் லாரியைப்போலவே கியர் மாற்றி உறுமுகிற ஒரு துண்டு வீடியோ, டிரைவர்களின் ஃபோன் ஃபோனாகப் போயிற்று. வரிகள் யாருக்கும் புரியவில்லை. கியர் புரிந்தது. அப்படித்தான் சாலைப் பாதுகாப்பு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட அதிகாரி நல்ல மனிதர். கவனமாக ஓட்டு தம்பி, குடும்பம் காத்திருக்கிறது என்கிற மாதிரி ஒரு பாட்டை அவரே எழுதி அனுப்பியிருந்தார். அதைப் பாடிவிட்டு என் பாட்டையும் பாடுவேன் என்றேன். தாராளமாக என்றார்.

முதலாளி மேடையில் இருப்பார் என்று யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் அப்பாவை வரச் சொல்லியிருப்பேனா? அவர் என் பாட்டைக் கேட்டதே இல்லை. தர்மபுரிதானே, ஒரு பஸ் தூரம்தானே என்று அம்மா இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

பாக்ஸ் கிழியுது

பொன்னாடையைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். அதிகாரியின் பாட்டை விட்டுவிட்டேன். பக்கத்தில் கிட்டாரோடு நின்ற நிகிலைப் பார்த்து, 'ரெண்டாவது கியர்' என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தான்.

கிட்டார் ஒருமுறை கர்ர்ரென்று சுற்றி வந்தது. நான் மூச்சை இறுக்கி முதல் வரியை இறக்கினேன். முதலாளி முன்னால் இருந்த தண்ணீர் பாட்டில் அதிர்ந்தது. அவர் அதைக் கையால் பிடித்ததைப் பார்த்தேன். இரண்டாவது வரிக்கு வாயைத் திறந்தேன்.

எல்லாம் நின்றுவிட்டது.

மேடைக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருந்த மைக்செட் முனுசாமி அண்ணன், வயரைப் பிடுங்கிய கையோடு ஓடி வந்தார்.

"தம்பி, உங்க லைன்ல எங்கியோ லூஸு. கர்ருனு அடிக்குது. பாக்ஸ் கிழியுது."

"அது அப்படித்தான் அண்ணா இருக்கணும். அதுதான் மியூசிக்" என்றான் நிகில், தன் பெங்களூர்த் தமிழில்.

"இதுவா? கண்ணாலத்துக்குப் போடற ஸ்பீக்கர் பாக்ஸுங்க இது. இப்பத்தான் புதுசா வாங்கினது."

நான் நிறுத்தவில்லை. மைக் இல்லாமலே பாடினேன். ஏற்கெனவே சொன்னேன், அந்தக் குரல் மைக் இல்லாவிட்டால் ஒன்றும் கிடையாது. கிழட்டு நாய் தூக்கத்தில் உறுமுகிற மாதிரி இருந்திருக்கும். முன்வரிசை சிரித்தது. தொப்பிகளும் சிரித்தன. அவர்களுக்காகத்தான் பாடுகிறேன் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

முதலாளி எழுந்து என் தோளில் கை வைத்தார். அவருக்கென்று தனி மைக் இருந்தது. அது வேலை செய்தது. அவர் மைக் எப்போதும் வேலை செய்யும்.

"தம்பிக்குத் தொண்ட கட்டிக்கிச்சு. சுடுதண்ணி குடுங்கப்பா."

அந்தக் கையைத் தட்டிவிடவா, அந்த மைக்கைப் பிடுங்கவா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான், நாற்காலிகளுக்கு நடுவே டொக் டொக்கென்று கைத்தடி வந்தது.

காணாமல் போன சாவி

அப்பா மேடைக்கு வரவில்லை. நேராக முனுசாமி அண்ணனின் மேசைக்குப் போய்க் கையை நீட்டினார். எங்கள் பக்கம் மைக்செட்காரரிடம் போய் யார் கை நீட்டினாலும், வண்டிச் சாவியோ பர்ஸோ காணோம், அறிவிக்க வந்திருக்கிறார்கள் என்று மைக்கைக் கொடுத்துவிடுவார்கள். அவரும் கொடுத்தார். "ரெண்டு தடவ சொல்லுங்க" என்றுகூடச் சொன்னார்.

அப்பா மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார். மூச்சுச் சத்தம் பந்தல் முழுக்கக் கேட்டது.

"நான் மாதையன்ங்க. வண்டிய நியூட்ரல் போட்டது இந்தக் கைதான். ஒருத்தரு செத்துட்டாரு. அவரும் டிரைவருதான். எங்க கடையில சாப்ட்டுட்டு எறங்கினவரு. அதுக்குப் பரிகாரமெல்லாம் கெடையாது. எம் பையன் பண்ணவும் வேண்டியதில்ல."

யாரோ ஒருவர் செருமினார். முன்வரிசையில் பெரிய அதிகாரி ஒருவர் ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்.

"டீசல் அளந்து குடுத்தது மொதலாளிங்க. மிச்சம் புடிக்கலைனா அடுத்த லோடு கெடையாது. அத நான் கோர்ட்ல சொல்லல. அதச் சொன்னா எந் தப்பு கொறஞ்சிடுமோன்னு இருந்துட்டேன். கொறையாது. ரெண்டும் இருக்குது."

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எந்த ஊரில் லோடு இறக்கினேன் என்று சொல்கிற குரலில் சொன்னார். பிறகு மைக்கைத் திருப்பிக் கொடுத்து, முனுசாமி அண்ணனிடம், "பையனுக்கு லைனக் குடுங்க. பாக்ஸு கிழிஞ்சா கிழியட்டும்" என்றார். அதுவும் மைக்கில் விழுந்தது.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு நிகழ்ச்சி இருப்பதாகச் சொல்லிக் கும்பிட்டார். போகும்போது அப்பாவைத் தாண்டித்தான் போக வேண்டும். "என்னா மாதையா, நல்லாத்தான இருந்தோம்" என்றார். அப்பா அவருக்கு வழிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். அவ்வளவு பேசிய பிறகும் அந்த மனிதருக்கு ஒதுங்கி நின்றாரே என்று எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

முனுசாமி அண்ணன் லைன் கொடுத்தார், பாதிச் சத்தத்தில். நான் முழுப் பாட்டையும் பாடினேன். யாரும் ஆடவில்லை, கைதட்டவில்லை. டிரைவர்கள் கை கட்டிக்கொண்டு கேட்டார்கள். நடுவில் ஒரு குரல், "கொஞ்சம் சத்தமா வெய்யுங்கண்ணே" என்றது. அண்ணன் தன் புது பாக்ஸைக் கவலையோடு பார்த்துக்கொண்டே திருகினார்.

பஸ்ஸில்

திரும்பும்போது அப்பா ஜன்னல் சீட்டில், நான் நடுவில், அம்மா ஓரத்தில். பாளையம் டோல்கேட் வந்தது. அம்மா அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, விழாவில் கொடுத்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள்.

"பாட்டு எப்படிப்பா?" என்றேன்.

"ஒரு எழுத்தும் புரியல."

கொஞ்ச தூரம் போன பிறகு, "ரெண்டாவது கியர் மட்டும் சரியா வந்துது. மூணுலருந்து எறக்கறப்ப வண்டி ஒரு தெணறு தெணறும். அத வுட்டுட்ட" என்றார்.

"இவரு பெரிய இஞ்சின்" என்றாள் அம்மா.

மறுநாள் செய்தித்தாளில் விழாவைப் பற்றி வந்திருந்தது. தலைக்கவசம் வழங்கப்பட்டது, விழிப்புணர்வுப் பாடல் பாடப்பட்டது. முதலாளி படம் இருந்தது. அப்பா பேசியது ஒரு வரி இல்லை. அதே பக்கத்தின் கீழ் மூலையில், வேறு ஒரு மலைச்சாலையில் வேறு ஒரு லாரி. ஓட்டுநரின் அலட்சியமே காரணம்.

வளைவு வரைக்கும்

அடுத்த வாரம் நான் ஊரில்தான் இருந்தேன். மத்தியான நேரம் ஒரு லாரி வந்து நின்றது. அதே வெள்ளைத் தொப்பி. விழாவுக்கு வந்திருந்தவர். வெயிலுக்கு நல்லா இருக்குதுங்க என்று தொப்பியைக் காட்டிச் சிரித்தார். சக்கரத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். ஆவி கிளம்பியது, அந்த வாடை வந்தது.

"மேல நியூட்ரல்லதான வந்தீங்க?" என்று கேட்டேன். என் குரலில் கோபம் இருந்திருக்க வேண்டும். அவர் முகம் மாறியது.

"வேற என்னா வழிங்க தம்பி? நீங்க பாடிட்டுப் போயிட்டீங்க. அப்பா பேசிட்டாரு. எங்களுக்கு அளவு இன்னும் அதேதான்."

அப்பா பெஞ்சில் இருந்தபடியே, அவரை உட்காரச் சொல்லி அம்மாவிடம் சோறு வைக்கச் சொன்னார். அவர் கை கழுவிவிட்டு வந்ததும், "இங்கிருந்து ரெண்டுல போ, கண்ணு" என்றார்.

"டீசல் நீங்க ஊத்துவீங்களாங்க?" என்று அவர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றார். டிரைவர் அவருடைய காலைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சரிங்கண்ணே, போறேன்" என்று ஏறினார்.

வண்டி கிளம்பியது. இரண்டாவது கியர் விழுந்தது. இஞ்சின் அலறியது. தகரம் அதிர்ந்தது, பானையில் இருந்த தண்ணீர் நடுங்கியது. அம்மா அடுப்பை விட்டு வெளியே வந்து நின்றாள். மூன்று பேரும் கீழ் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வளைவு வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது. வண்டி மறைந்தது. சத்தம் தேயாமல், கியரை எடுத்த மாதிரிச் சட்டென்று நின்றது.

அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா உட்காரவில்லை.